வஞ்சிரம் குழம்புக்கு எந்த ஒயின்? வீட்டுக்கே வந்து விருந்து வைத்த ராயபுரத்து அம்மாவும் மகனும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அருமையான விருந்து, கொடுத்த காசுக்குக் குறையே இல்லை. ஒயினோடு சாப்பாடு என்றாலே நுங்கம்பாக்கம் பக்கம் ஏதாவது நட்சத்திர ஓட்டலுக்குத்தான் போக வேண்டும், அங்கே சீஸும் பாஸ்தாவும்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் வடசென்னை ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நெத்திலி வறுவல், வஞ்சிரம் குழம்பு, மாட்டுக்கறி மிளகு வறுவல் என்று நாம் சாப்பிடுகிற சாப்பாட்டையே ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, எதற்கு எந்த ஒயின் சேரும் என்று யோசித்து, நம் வீட்டு அடுப்பிலேயே சூடு பண்ணிப் பரிமாறுகிறார்கள். ஓர் இடத்தில் சறுக்கினார்கள், அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு மண்டபம், பிரியாணி அண்டா என்று எதுவும் வேண்டாம், வீட்டு ஆட்கள் ஏழு பேர் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டால் போதும் என்று முடிவானது. பெரம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் இவர்களைச் சொன்னார். ராயபுரத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பம். சமையல் அம்மாவுடையது, எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றே கூப்பிட்டோம். மகன் பல வருஷம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்து, பிறகு அங்கேயே ஒயின் பரிமாறும் பிரிவுக்குப் போனவர். இப்போது கரைக்கு வந்துவிட்டார். சனி ஞாயிறு மட்டும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், இந்தப் பக்கம் பெரம்பூர், கொளத்தூர் வரைக்கும் வருகிறார்கள். விளம்பரம் எதுவும் இல்லை, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை.

ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஒயின் அவர்கள் கொண்டு வருவதில்லை. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மது சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருக்கிறது, அதை விட்டால் உரிமம் வாங்கிய ஓட்டல்களும் கிளப்புகளும்தான். வீட்டுக்கு வந்து சமைப்பவர் பாட்டிலைக் கையோடு எடுத்து வந்து காசுக்கு ஊற்றினால் அது குற்றம். அதனால் அவர்கள் பட்டியல் மட்டும் அனுப்புவார்கள், வாங்கி வைப்பது நம் வேலை. வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பட்டியலே ஒரு பாடமாக இருந்தது. பிராண்டைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம், பாட்டிலில் திராட்சையின் பெயரைப் பாருங்கள் என்று முதல் வரி. நாசிக், சோலாப்பூர் பக்கம் அக்லூஜ், பெங்களூருக்கு மேலே நந்தி மலை, இந்த மூன்று இடத்து ஒயின்களுக்குள்ளேயே தேவையான எல்லாம் கிடைத்துவிடும், வெளிநாட்டு பாட்டிலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்று இரண்டாவது வரி. ஒரு ஆளுக்கு ஒரு வகைக்கு 75 மி.லி.தான் ஊற்றுவார், 750 மி.லி. பாட்டில் பத்துப் பேருக்கு வரும், ஏழு பேருக்கு எதிலும் இரண்டாவது பாட்டில் தேவையில்லை, கடைசி இனிப்பு ஒயினை இன்னும் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார், அதில் 375 மி.லி. அரை பாட்டிலே போதும் என்று மகன் கணக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். நம் செலவைக் குறைக்கப் பார்க்கிற ஆள் என்று அப்போதே நம்பிக்கை வந்தது. டாஸ்மாக்கின் எலைட் கடை ஒன்றில் பொறுமையாகத் தேடினால் எல்லாம் கிடைக்கிறது.

சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வைப்பது நமக்குப் பழக்கமில்லை என்று பெரியம்மா ஆரம்பத்திலேயே முகத்தைச் சுளித்தார். இலையில் எல்லாமே கண் முன்னால் இருக்க வேண்டும், எதை எப்போது தொட்டுக்கொள்வது என்பது சாப்பிடுகிறவர் இஷ்டம். ஆன்ட்டியின் மகன், அந்தத் தம்பி, அதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக மேசையில் பரப்பித்தான் வைத்தார்களாம், ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை 19-ம் நூற்றாண்டில்தான் அங்கே பரவியது, அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு ஒயின் என்ற ஏற்பாடே சரியாக அமைந்தது என்றார். நாமும் சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசையில்தானே போகிறோம் என்று அவர் கேட்டதும் பெரியம்மா சமாதானமாகிவிட்டார்.

ஆரம்பம் நெத்திலி வறுவல். அன்று விடியற்காலையில் காசிமேட்டில் ஆன்ட்டியே நின்று வாங்கி, தலை கிள்ளி, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் அரிசி மாவு மட்டும் போட்டுப் பிரட்டி, எங்கள் வீட்டு இரும்புக் கடாயில் பொரித்து நேராகத் தட்டுக்கு வந்தது. கூட ப்ரூட் என்று போட்ட, நுரை பொங்கும் ஒயின். ப்ரூட் என்றால் இனிப்பு அநேகமாக இல்லாதது. பொரித்த மீனின் எண்ணெய் நாக்கில் படிந்திருக்கும்போது அந்தக் குமிழும் புளிப்பும் வந்து அதைத் துடைத்து எடுத்துவிட, அடுத்த நெத்திலிக்கு வாய் மறுபடி தயாராகிவிடுகிறது. உப்பும் எண்ணெயில் பொரித்ததும் எங்கே இருந்தாலும் அங்கே நுரை ஒயினைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என்றார் தம்பி. பஜ்ஜிக்கும் சேருமா என்று அக்கா கேட்டாள், வாழைக்காய் பஜ்ஜிக்கு இன்னும் நன்றாகச் சேரும், ஆனால் மிளகாய் பஜ்ஜிக்கு வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்பதற்கான விளக்கம் பிறகு வந்தது. இந்தப் பொருத்தத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், விருந்தை இப்படி ஆரம்பித்ததில் எல்லோருக்கும் ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

அடுத்து மிளகுத் தண்ணீர், ஆங்கிலோ இந்திய வீடுகளில் ரசத்தின் இடத்தில் இருப்பது, சின்னக் கோப்பையில் சுடச்சுட. இதற்கு ஒயினே ஊற்றவில்லை. சூப்புக்குக் கூட ஒயின் வைப்பது கஷ்டம், குடிக்கிற பொருளுக்கு இன்னொரு குடிக்கிற பொருள் எதற்கு, அதுவும் இவ்வளவு சூடாக இருக்கும்போது எந்த ஒயினும் எடுபடாது என்று வெறும் தண்ணீர் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஏதாவது ஊற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்காத இந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களை மெச்ச வேண்டும்.

மூன்றாவதாக வந்த வஞ்சிரம் குழம்புதான் அன்றைய கதாநாயகன். காலையிலேயே வீட்டில் மண்சட்டியில் வைத்து, அப்படியே துணி சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். அரை நாள் ஊறிய மீன் குழம்புக்கு இருக்கும் அந்தக் கெட்டியும் பளபளப்பும் எண்ணெய் ஓரமாகப் பிரிந்து நிற்பதும் சட்டியைத் திறந்ததுமே தெரிந்தது. கூட இடியாப்பம், கொஞ்சமாக. ஒயின், சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், நன்றாகக் குளிர வைத்தது.

புளிக்குழம்புக்கு ஒயின் சேராது என்று நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆகவே குழம்பை விடப் புளிப்பு தூக்கலான ஒயினைத் தேடிப் பிடிக்க வேண்டும், சோவின்யோன் பிளாங்க் அப்படிப்பட்ட ஜாதி. தம்பி சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. புளியில் இருக்கும் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம், திராட்சையிலும் ஒயினிலும் இருக்கும் முக்கியமான அமிலமும் அதேதான். அதைக் கேட்டபிறகு ஒரு வாய் குழம்பு, ஒரு மிடறு ஒயின் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு புளிப்பும் ஒன்றை ஒன்று தள்ளிவிடாமல் ஒரே திசையில் போகின்றன. அந்த ஒயினில் பச்சையாக ஒரு வாசம் உண்டு, புல்லும் குடைமிளகாயும் கலந்த வாசம், அது தாளித்த கறிவேப்பிலையோடும் மேலே தூவிய கொத்தமல்லியோடும் போய் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. மீன் துண்டை விட அந்தக் குழம்பும் ஒயினும் சேர்ந்ததுதான் எனக்கு மறுநாளும் நினைவில் இருந்தது. எலுமிச்சை ஓரமாகப் பிழிந்தால் எப்படி மீன் எடுப்பாக இருக்குமோ அந்த வேலையை இங்கே ஒயின் செய்கிறது.

இங்கேதான் மாமா ஒரு கேள்வி கேட்டார். மாமாவுக்கு ஒயின் என்றால் சிவப்புதான், வெள்ளை எல்லாம் ஜூஸ் மாதிரி என்பது அவர் கட்சி. அந்தப் பக்கம் மாட்டுக்கறிக்காக ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பாட்டிலை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார்கள். "தம்பி, அதுல கொஞ்சம் ஊத்துப்பா, மீனோட குடிச்சா என்ன ஆயிடும்?" என்றார். வேண்டாம் என்று தம்பி தடுக்கவில்லை. "கொஞ்சமா தர்றேன் அங்கிள், நீங்களே பாருங்க" என்று இன்னொரு கிளாஸில் இரண்டு மிடறு அளவு ஊற்றினார். மாமா மீனை ஒரு வாய் போட்டு, ஷிராஸைக் குடித்து, அப்படியே நிறுத்தி, கிளாஸைத் திருப்பிப் பார்த்தார். "துருப்பிடிச்ச ஆணிய வாயில போட்ட மாதிரி இருக்கு தம்பி." நானும் வாங்கிப் பார்த்தேன். நல்ல மீன், நல்ல ஒயின், இரண்டும் சேர்ந்ததும் வாயில் ஒரு உலோக வாடையும், அதுவரை குழம்பில் துளிகூட இல்லாத கவுச்சியும் வந்தது. தண்ணீர் குடித்தும் கொஞ்ச நேரம் போகவில்லை.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை, இதற்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. 2009-ல் ஜப்பானில் ஒயின் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் காய்ந்த ஸ்காலப் சிப்பியை விதவிதமான ஒயின்களில் ஊற வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு கூடக் கூடக் கவுச்சி கூடியது, இரும்பைக் கட்டிப்போட்டதும் கவுச்சி அடங்கியது. சிவப்பு ஒயின்களில் பெரும்பாலும் இரும்பு கொஞ்சம் கூடுதல். மீனுக்கு வெள்ளை என்று பழைய ஆட்கள் சொன்னதற்கு இப்படி ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி. மாமா அதன்பிறகு வெள்ளையை மறுபேச்சில்லாமல் குடித்தார், இரண்டாவது தடவையும் ஊற்றச் சொன்னார்.

அடுத்தது சறுக்கிய இடம். மஞ்சள் தேங்காய்ச் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, டெவில் சட்னி. ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்திய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் இந்த மூன்றும்தான், சின்ன வயசில் நண்பன் வீட்டில் சாப்பிட்ட அதே ருசி. சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. தேங்காய்ப் பாலில் வெந்த சோறு லேசான இனிப்போடு இருந்தது, உருண்டை உடையாமல் மெத்தென்று இருந்தது. இதற்கு வைத்தது ஜின்ஃபாண்டல் ரோஸே, வெளிர் சிவப்பு நிறம், ஸ்ட்ராபெரி மாதிரி வாசம். சோறும் குழம்பும் மட்டும் என்றால் அந்த ரோஸே அழகாகத்தான் போனது. டெவில் சட்னி வந்ததும் கெட்டது. அது பச்சை வெங்காயம், காய்ந்த மிளகாய், வினிகர், சர்க்கரை எல்லாம் வைத்துப் பச்சையாக அரைப்பது, ரத்தச் சிவப்பில் இருக்கும், கொஞ்சூண்டு தொட்டாலே காது சூடாகும். வினிகர் அந்த ஒயினின் புளிப்பை விழுங்கிவிட்டது, மிளகாய் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ரோஸே வெறும் கலர் தண்ணீராக நின்றது.

காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற விளக்கம் இங்கேதான் வந்தது, பஜ்ஜிக் கேள்விக்கும் இதுதான் பதில். மிளகாயின் எரிச்சலை உணர்கிற நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது, அதனால் மிளகாய்க் காரத்தின் மேல் வீரியமான ஒயினை ஊற்றினால் எரிச்சல் அடங்காது, ஏறும். காரமான சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைவாகவும், கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும் ஒயினாகவும் வேண்டும், ஏனென்றால் இனிப்பு காரத்தைத் தணிக்கும். இவ்வளவும் தெரிந்த ஆள் ஏன் இங்கே அவ்வளவாக இனிப்பில்லாத ரோஸேயை வைத்தார் என்று கேட்டேன். சோற்றுக்கும் உருண்டைக்கும் பார்த்து வைத்தேன், சட்னிக்குப் பார்க்கவில்லை, அம்மா அதை விடமாட்டார் என்று நேராக ஒப்புக்கொண்டார். ஆன்ட்டி அடுக்களையிலிருந்தே, "சட்னி இல்லாம மஞ்சள் சோறு வைக்க மாட்டேன்பா, அது எங்கம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் அபிப்பிராயம், இந்த இடத்தில் லேசாக இனிக்கும் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை வைத்தால் சட்னியையும் சமாளிக்கும், தேங்காய்க்கும் ஒத்துப்போகும். நீங்கள் கூப்பிட்டால் ரோஸேக்குப் பதில் அதைக் கேட்டுப் பாருங்கள். நாசிக்கில் ஷெனின் பிளாங்க் நிறையவே போடுகிறார்கள், தேடி அலைய வேண்டியதில்லை.

மாட்டுக்கறி மிளகு வறுவலுக்கு வருவோம். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவோம், சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஆட்டு ஈரல் வறுவல் வைக்கிறார்கள். கறியைக் கொழுப்போடு வாங்கி, பெரிய துண்டாக இல்லாமல் விரல் கனத்துக்கு அரிந்து, முதலில் குக்கரில் வேகவிட்டு, பிறகு சின்ன வெங்காயத்தோடு இரும்புச் சட்டியில் தண்ணீர் சுண்டும் வரை போட்டுப் புரட்டி, கடைசியில் அப்போதே இடித்த மிளகை அள்ளிப் போட்டு இறக்கினார். பச்சை மிளகாயோ மிளகாய்த்தூளோ ஒரு துளி இல்லை, காரம் முழுக்க மிளகுதான். ஷிராஸுக்காகவே மிளகாயை எடுத்துவிட்டோம் என்றார் தம்பி.

இதில்தான் அந்த மனிதருடைய தொழில் தெரிந்தது. ஷிராஸ் கிளாஸை முகர்ந்து பாருங்கள் என்றார். முகர்ந்தால் உண்மையாகவே மிளகு வாசம். சட்டியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன், கிளாஸை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய் முகர்ந்தாலும் அதே வாசம். ரோட்டண்டோன் என்று ஒரு வாசனைப் பொருள், மிளகுக்கு மிளகு வாசம் தருவதும் அது, ஷிராஸில் அந்த வாசம் தருவதும் அதே பொருள்தான் என்று 2008-ல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். மிளகையும் ஷிராஸையும் சேர்த்து வைப்பது அழகுக்குச் சொல்கிற பொருத்தம் இல்லை, இரண்டிலும் ஒரே பொருள் இருக்கிறது. அதோடு சிவப்பு ஒயினில் இருக்கும் துவர்ப்பு கறியின் கொழுப்பிலும் புரதத்திலும் போய் அடங்கிவிடுகிறது. வெறுமே குடித்தபோது வாயை இழுத்துப் பிடித்த அதே ஒயின் கறியோடு குடித்தபோது வழவழவென்று இறங்கியது. மாமா பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். அக்கா எனக்கு இதுதான் முதலிடம் என்றாள். எனக்கு மீன் குழம்புதான் முதலிடம், ஆனால் சண்டை போட மாட்டேன்.

சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று பாட்டிலிலும் புத்தகத்திலும் எழுதியிருப்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைக்கு, 16, 17 டிகிரி இருக்கும் அறைக்கு. தண்டையார்பேட்டையில் மாடி வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு முப்பது டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயின் வெறும் ஸ்பிரிட் வாடைதான் அடிக்கும். ஷிராஸைப் பரிமாறுவதற்கு முன் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துதான் ஊற்றினார். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் வீட்டில் செய்து பார்த்தாலும் போதும், அதே பாட்டில் வேறு ஒயினாக இருக்கும். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, நுரை ஒயினுக்கு அதற்கும் கீழே, நம் ஊரில் அதற்கு ஐஸ் வாளி இல்லாமல் முடியாது.

இனிப்பு, பிரெட் புட்டிங், மேலே கருக்கிய சர்க்கரைப் பாகு. கூட லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் பிளாங்க், கொடியிலேயே கூடுதல் நாள் பழுக்க விட்ட திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். ஒயின் எப்போதும் பலகாரத்தைவிடக் கொஞ்சமாவது இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போன மாதிரி தெரியும் என்பது விதி. இங்கே சரியாகவே இருந்தது. பெரிதாக எழுத ஒன்றும் இல்லை, நல்ல முடிவு.

பெரியம்மா குடிப்பதில்லை. அவரை ஓரமாக உட்கார வைத்து ஒரு பாட்டில் கோலா கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். கம்பம் பன்னீர் திராட்சையை வாங்கி வந்து, தோலோடு கொஞ்ச நேரம் சூடாக்கிப் பிழிந்து, அன்றைக்கே சாறு எடுத்து வைத்திருந்தார்கள். நெத்திலியோடு அதில் சோடாவும் எலுமிச்சையும், மீன் குழம்போடு எலுமிச்சை தூக்கலாகத் தண்ணீர் கலந்து, கறியோடு இரண்டு மிளகைத் தட்டிப்போட்டு, இனிப்போடு அப்படியே கெட்டியாக, என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி மாற்றிக் கொடுத்தார் தம்பி. பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்லும் ரகம்தான் அது, அதிலும் ஒயின் செய்வார்கள். பெரியம்மாவுக்குத் தன்னையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் அவ்வளவு சந்தோஷம். பண்டிகை வீட்டில் குடிக்காதவர்கள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள் என்று யாராவது இருக்கத்தான் செய்வார்கள். சட்டப்படி இருபத்தொரு வயசு ஆகாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து யோசிப்பதுதான் விருந்து. திருவொற்றியூருக்கு பைக்கில் திரும்ப வேண்டியிருந்த என் நண்பனுக்கும் அந்தச் சாறுதான் கிடைத்தது, வண்டி ஓட்டுகிறவருக்கு ஊற்ற மாட்டேன் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், எனக்கு அது சரியென்றே பட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நேரம் ரொம்ப இழுக்கிறது. ஏழரைக்கு உட்கார்ந்தோம், புட்டிங் வரும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. நம் பக்கத்து வீடுகளில் அடுக்களை சின்னது, இரண்டு அடுப்பு, ஒரே ஆள்தான் நிற்க முடியும், சோற்றுக்கும் கறிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் வெறும் கிளாஸோடு உட்கார்ந்திருந்தோம். வயசானவர்கள் இருந்தால் சாயங்காலம் ஆறரைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கிளாஸ்கள் அவர்களே கொண்டு வருகிறார்கள், அடி அகன்று வாய் குறுகிய நல்ல கண்ணாடிக் கிளாஸ்கள், ஆனால் ஆளுக்கு இரண்டுதான், நடுவில் கழுவிக் கழுவிக் கொடுத்தார்கள், அதனாலும் தாமதம். ஐஸ் பாதியில் தீர்ந்து, தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. தம்பிக்குப் பேச்சு கொஞ்சம் அதிகம், எனக்கு அது பிடித்திருந்தது, என் மனைவிக்கு மூன்றாவது விளக்கத்திலேயே பசி வந்துவிட்டது.

பணம், தலைக்கு 1,800 ரூபாய், குறைந்தது ஆறு பேர் இருக்க வேண்டும். மீன், கறி, மளிகை, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதற்குள் வந்துவிடும், ஒயினும் ஐஸும் நம் கணக்கு. எங்களுக்கு ஒயின் செலவு சமையல் செலவில் பாதியை ஒட்டி வந்தது. நட்சத்திர ஓட்டலில் இதே அளவுக்கு உட்கார்ந்தால் ஆகும் செலவோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல், அதுவும் இந்த மீன் குழம்பு எந்த நட்சத்திர ஓட்டலிலும் வராது. மிச்சமான ஷிராஸையும் சோவின்யோன் பிளாங்கையும் கார்க்கை அழுத்தி மூடி ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார், அப்படியே செய்தோம். நுரை ஒயினை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள், மறுநாள் குமிழ் இருக்காது.

கூப்பிடுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த அறுபத்தொரு நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டில் நல்ல வஞ்சிரம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை தாங்காது. அப்போது கேட்டால் நாட்டுப்படகில் வரும் மீன் எது கிடைக்கிறதோ அதைத்தான் வைப்பேன் என்கிறார் ஆன்ட்டி, ஐஸில் கிடந்த வெளியூர் மீனைத் தொட மாட்டாராம். டிசம்பரில் அவர்கள் வீட்டிலேயே கிறிஸ்துமஸ் கேக் வேலை தலைக்கு மேல் இருக்கும், முதல் இரண்டு வாரம் மட்டும்தான் வெளியே வருவார்கள், அதற்கு அக்டோபரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.